அரை நொடி முன்னே ஓடும் கண்

விடிந்தும் விடியாத நேரம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக மல்லிகை இறங்குகிறது. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மொட்டாகவே பறித்த பூ. சாக்கை அவிழ்த்துக் கொட்டினால் தரையில் பச்சரிசி குவித்தது மாதிரி கிடக்கிறது. விலை கேட்கும் குரல்கள், தராசுச் சத்தம், ஈரச் சாக்கின் வாடை, எல்லாவற்றையும் மீறி மூக்கில் ஏறும் மல்லி வாசம். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லி!

நான் பூ வாங்க வரவில்லை. கை பார்க்க வந்திருக்கிறேன். டீ ஆற்றும் கை, பூக் கட்டும் கை, கோலப்பொடி விடும் கை, பரோட்டா வீசும் கை. இந்த ஊரில் கைகள் எல்லாருடைய கண் முன்னாலும்தான் வேலை செய்கின்றன. ஆனால் அந்த வேலைக்குப் பின்னால் கண்ணும் ஞாபகமும் சேர்ந்து நடத்தும் இன்னொரு வேலை இருக்கிறது. அது யார் கண்ணிலும் படுவதில்லை. ஒருமுறை அதைப் பார்க்கத் தெரிந்துவிட்டால், மதுரையில் ஒரு தெருவைக்கூட நிற்காமல் தாண்ட முடியாது. கடந்த சில வாரங்களாக என் நிலைமை அதுதான். வாருங்கள், உங்களையும் உள்ளே கூட்டிப் போகிறேன்.

டீக்கடையில் ஓர் ஆய்வுக்கூடம்

முதலில் மார்க்கெட் ஓரத்து டீக்கடை. மாஸ்டர் முன்னால் எட்டு கிளாஸ் வரிசையாக நிற்கிறது. சுற்றிலும் இருபது பேர். ‘ரெண்டு ஸ்ட்ராங்கு’, ‘ஒண்ணு சீனி கம்மி’, ‘அண்ணே, ஒரு பார்சல்’ என்று நாலு பக்கமும் குரல். எல்லாரும் அவர் கையைப் பார்க்கிறார்கள். நீங்கள் பக்கவாட்டில் நின்று அவர் கண்ணைப் பாருங்கள்.

சீனிக் கரண்டி கிளாஸில் கவிழ்கிறது. கண் அங்கே இல்லை. டிக்காஷன் இறங்கும் துணி வடிகட்டிக்குப் போய்விட்டது. கை வடிகட்டியைத் தூக்கும்போது கண் பால் பாத்திரத்தில். பால் கிளாஸில் விழத் தொடங்கியதும் கண் சற்று நேரம் நுரையின் விளிம்பில் நிற்கிறது. நிரம்பி முடிப்பதற்குள் அடுத்த கிளாஸுக்குத் தாவுகிறது. எப்போது பார்த்தாலும் கை ஓரிடத்தில், கண் அதற்கு அடுத்த இடத்தில். இத்தனை நேரத்தில் தன் கையை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை!

இதை உலகத்துக்கு அளந்து காட்டிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்றும் டீ போடும் ஆய்வுதான் என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் லேண்ட் என்ற விஞ்ஞானி, கண் எங்கே பார்க்கிறது என்று பதிவு செய்யும் கேமராவை ஆட்களின் தலையில் மாட்டினார். அடுப்படிக்குள் அனுப்பி, ‘டீ போடுங்கள்’ என்று சொல்லிவிட்டார். கெட்டிலில் தண்ணீர் பிடிப்பது, கப் எடுப்பது, பால் ஊற்றுவது என்று சாதாரண வேலை. 1999இல் வெளியான அந்த ஆய்வு சொன்ன விஷயம் இது: ஒரு பொருளைக் கை தொடுவதற்குச் சுமார் அரை நொடி முன்பே கண் அதன் மேல் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்தப் பொருளில் கைக்கு வேலை முடிவதற்கு அரை நொடி முன்பே கிளம்பியும் விடுகிறது. வேலைக்குச் சம்பந்தமில்லாத பொருள்மேல் விழுந்த பார்வை நூற்றில் ஐந்துகூட இல்லை.

‘வேலை செய்யும்போது கண் அலைபாயுது’ என்று பிள்ளைகளைத் திட்டுகிறோமே, கண் அலைபாயவில்லை. அதற்கு நாலே வேலை என்று லேண்ட் பிரித்துச் சொன்னார். அடுத்து வேண்டிய பொருள் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பது முதல் வேலை. கையை அங்கே அனுப்புவது இரண்டாவது. ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்க்கும்போது கூடவே இருந்து ஒத்தாசை செய்வது மூன்றாவது. நிரம்பியதா, கொதித்ததா என்று நிலவரம் பார்ப்பது நான்காவது. இந்த நாலையும் மனத்தில் வைத்துக்கொண்டு திரும்ப மாஸ்டரைப் பாருங்கள். நுரை விளிம்பில் கண் நின்றதே, அது நான்காவது. வடிகட்டிக்குத் தாவியது முதலாவதும் இரண்டாவதும். ஓர் ஆய்வுக்கூடமே ஒரு டீக் கிளாஸுக்குள் நடக்கிறது!

கண் ஏன் இப்படித் தாவ வேண்டும்? கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலைத் தூக்கிப் பிடியுங்கள். அந்த நகம் மறைக்கும் அளவு இடத்தைத்தான் கண்ணால் துல்லியமாகப் பார்க்க முடியும். மற்றதெல்லாம் கொஞ்சம் கலங்கல். அந்த நகத்தளவு வெளிச்சத்தை நொடிக்கு மூன்று நான்கு முறை தூக்கித் தூக்கி அடுத்த இடத்தில் வைத்துக்கொண்டே இருக்கிறோம். உலகம் முழுவதும் தெளிவாகத் தெரிவது போன்ற உணர்வு அந்த ஓட்டத்தில் பிறப்பது.

கையும் லேசுப்பட்டதல்ல. அடுத்த முறை காபி டம்ளரை எடுக்கும்போது உங்கள் விரல்களைக் கவனியுங்கள். டம்ளரைத் தொடுவதற்கு வெகு முன்பே, காற்றிலேயே, டம்ளரின் அகலத்தைவிடச் சற்று அதிகமாக விரிந்து, நெருங்க நெருங்கக் குவிகின்றன. சின்ன கிளாஸ் என்றால் குறைவாக, சொம்பு என்றால் அகலமாக. பிரான்ஸின் மார்க் ஜன்னரோ 1980களில் இதை அளந்தார். கை போய்ச் சேர எடுக்கும் நேரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடக்கும்போது விரல்கள் உச்சமாக விரிகின்றன. கண் கொடுத்த அளவைக் கை போகிற போக்கிலேயே அணிந்துகொள்கிறது!

கை சொல்லாத ரகசியம்

டீ முடிந்தது. இப்போது நான் தேடி வந்த இடம். மார்க்கெட் சுவர் ஓரம், ஈரத்துணி விரித்த மூங்கில் கூடை, அதன் முன்னால் ஒரு பூக்கார அக்கா. இடது கைக்குள் வாழைநார். வலது கை கூடைக்குள் போய் வருகிறது.

ஒரு கண்ணி விழுவதை உங்களுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். இரண்டு மொட்டு இந்தப் பக்கம் தலை வைத்து, இரண்டு மொட்டு அந்தப் பக்கம் தலை வைத்து, காம்போடு காம்பு ஒட்டி நாரின்மேல் உட்கார்கின்றன. இடது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. வலது கை நாரைக் காம்புகளைச் சுற்றிக் கொண்டுவந்து, விரலைத் திருப்பி ஒரு சுருக்கு உண்டாக்கி, அதைக் காம்புகளுக்குள் மாட்டி, ஒரு சுண்டு சுண்டி இறுக்குகிறது. அதிகம் இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். குறைந்தால் பூ உதிர்ந்துவிடும். நான் இந்த வாக்கியங்களை எழுதி முடிப்பதற்குள் அக்கா ஒரு முழம் கட்டிவிடுவார்.

அவ்வளவும் நடக்கும்போது அவர் கண் எங்கே? பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பும் ஆட்டோமேல், எதிர்க் கடைக்காரர்மேல், ‘முழம் எவ்வளவு?’ என்று குனிகிற பெண்ணின் முகத்தின்மேல். கூடைக்கும் போகவில்லை, விரலுக்கும் போகவில்லை. டீ மாஸ்டரின் கண் அரை நொடி முன்னால் ஓடியது. இந்தக் கண் வேலையை விட்டே போய்விட்டது!

“அக்கா, கொஞ்சம் மெதுவா கட்டிக் காட்டுங்களேன்” என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே தன் கையைப் பார்த்தார். நாரைச் சுற்றினார். நின்றார். சுருக்கைப் பிரித்தார். மறுபடி சுற்றினார். “இருத்தா… இப்பிடி வந்து… அங்கிட்டுப் போயி… அட!” மொட்டு கீழே விழுந்தது. வயதுக்கு வந்த நாளிலிருந்து பூக் கட்டுகிறவர்! “பாக்காம இருந்தாத்தான் தாயி வருது. பாத்தா மறந்துபோகுது.”

எனக்கு அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. மூளை ஆய்வின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நமக்கு ஞாபகம் ஒன்றல்ல. வாயால் சொல்ல முடிகிற ஞாபகம் வேறு, கையால் செய்து காட்ட மட்டுமே முடிகிற ஞாபகம் வேறு.

இது உலகத்துக்குத் தெரிய ஓர் அமெரிக்கர் காரணமானார். பெயர் ஹென்றி மொலைசன். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953இல் அவர் மூளையில் அறுவை சிகிச்சை செய்து, இருபுறமும் சில பகுதிகளை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது; ஆனால் அதன்பிறகு புதிதாக எதையும் நினைவில் வைக்க முடியவில்லை. சற்றுமுன் பேசிய ஆளையே மறந்துவிடுவார். பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலால் வரைய வேண்டும். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிவதால் யாருக்கும் முதலில் கை தடுமாறும். மூன்று நாள் பழகியதில் மொலைசனின் கோடு நாளுக்கு நாள் சீரானது. மூன்றாம் நாள் வெகு அழகாக வரைந்தார். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்த வேலை அவருக்குப் புத்தம் புதிது. முன்பு செய்த நினைவே இல்லை. மனிதர் மறந்தார், கை மறக்கவில்லை!

கை கற்ற வித்தை தங்குவதற்குச் சிறுமூளையும் மூளையின் ஆழத்தில் இருக்கும் வேறு சில பகுதிகளும் உதவுகின்றன. பேச்சுக்கு அங்கே நேரடி வழி இல்லை. அதனால்தான் ‘எப்படிக் கட்டுகிறீர்கள்?’ என்று கேட்டால் அக்காவுக்குச் சொல்லத் தெரியவில்லை. கேள்வி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறது; பதில் வேறு வீட்டில் இருக்கிறது.

அன்றைக்கே முடிவு செய்தேன். இந்தக் கை ஞாபகம் எனக்குள்ளும் எப்படி முளைக்கிறது என்று பார்க்க வேண்டும். “தினமும் வர்றேன்க்கா, எனக்குச் சொல்லித் தாங்க.” அவர் ஒரு முழம் நாரைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

இருட்டில் அப்பத்தா

நார் கையில் விழுந்ததும் எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. மின்வெட்டுக் காலத்தில் எங்கள் கிராமத்து வீட்டுத் திண்ணையில் அவர் கும்மிருட்டில் உட்கார்ந்து பூக் கட்டுவார். நாரின் ஒரு நுனி கால் கட்டைவிரலில் சுற்றியிருக்கும். கண்ணில் புரை முற்றிய பிறகும் அந்தச் சரத்தில் ஒரு கண்ணி பிசகியதில்லை. ஆனால் ஊசியில் நூல் கோக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார். “கண்ணு, இதைக் கோத்துக் குடு.” பூக் கட்டத் தெரிகிற விரலுக்கு ஊசி ஏன் மசியவில்லை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இப்போது விளங்குகிறது. கட்டும்போது காம்பு விரலைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது, நார் இழுபட்டுக்கொண்டே இருக்கிறது. தசைகளுக்குள்ளும் மூட்டுகளிலும் இருக்கும் நுண்ணிய உணரிகள், எந்த விரல் எங்கே எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று நொடி விடாமல் மூளைக்குச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொட முடிகிறதே, அது அவற்றின் தயவு. ஊசியின் காது அப்படியல்ல. அது விரலைத் தொடாது, நூலின் நுனியும் விரலுக்குச் சேதி சொல்லாது. அங்கே லேண்ட் சொன்ன மூன்றாவது வேலை, ஒன்றை ஒன்றோடு சேர்க்கும் வேலை, முழுக்கவும் கண்ணுடையது.

ஒரே கண், ஒரே கை, ஆனால் பார்வையே இரண்டு விதம் என்று சொன்னால் நம்புவீர்களா? 1988இல் கார்பன் மோனாக்சைடு நச்சால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணி. ஆய்வு நூல்கள் அவரை டி.எஃப். என்ற இரண்டு எழுத்துகளால் குறிக்கும். பொருளின் உருவத்தைப் பார்த்து அது என்னவென்று அவரால் சொல்ல முடியாது. மெல்வின் குடேலும் டேவிட் மில்னரும் ஒரு வட்டப் பலகையில் தபால் பெட்டி வாய் போல ஒரு பிளவு வைத்தார்கள். பிளவு நிமிர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. ‘சரி, அட்டையை உள்ளே போடுங்கள்’ என்றதும் கை போகும் வழியிலேயே சரியான கோணத்துக்குத் திரும்பி அட்டையை நுழைத்துவிட்டது! ‘இது என்ன’ என்று பார்க்கும் பாதை மூளையில் வேறு, ‘இதைக் கை எப்படி அணுக வேண்டும்’ என்று பார்க்கும் பாதை வேறு என்று 1990களின் தொடக்கத்தில் அவர்கள் சொன்னார்கள்.

இதற்கு மேல்தான் எனக்கு மெய்சிலிர்த்தது. அதே பெண்மணியிடம் ஒரு பொருளைக் காட்டி, மறைத்து, இரண்டே நொடி கழித்து, ‘அதை எடுப்பது போலக் காற்றில் செய்து காட்டுங்கள்’ என்றார்கள். அவர் விரல்கள் பொருளின் அளவுக்கு விரியவில்லை. ‘எப்படி’ என்று பார்க்கும் பாதை அந்தக் கணத்துக்கு மட்டுமே உழைப்பது. சேமிப்பு அதற்குக் கிடையாது. இரண்டு நொடி பழையதாகிவிட்டால் கை ‘என்ன’ பாதையின் ஞாபகத்தைக் கடன் கேட்க வேண்டியிருக்கிறது. கரண்ட் போனதும் தீப்பெட்டியைத் துழாவுகிறோமே, அப்போது நம் கை அந்தக் கடனில்தான் நடக்கிறது.

தரையில் எழுதி வைத்த ஞாபகம்

எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டுமா? மார்கழிக் காலையில் மதுரையின் எந்தத் தெருவுக்கும் போய்ப் பாருங்கள். கோல நோட்டைப் பிரித்து வாசற்படியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லூரிப் பெண் புதுக் கோலம் போடுகிறாள். நோட்டைப் பார்க்கிறாள், ஒரு வளைவு போடுகிறாள். மறுபடி நோட்டு, மறுபடி வளைவு. ஒரே பார்வையில் நாலு வளைவை மனப்பாடம் செய்துகொண்டால் என்ன?

டேனா பாலார்டும் மேரி ஹேஹோவும் 1990களில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இதையே வண்ணக் கட்டைகளை வைத்துச் சோதித்தார்கள். ஒரு மாதிரியைப் பார்த்து அதே போல அடுக்க வேண்டும். நாலைந்து கட்டைகளை நினைவில் வைப்பது யாருக்கும் சிரமமில்லை. ஆனாலும் ஒவ்வொரு கட்டைக்கும் கண் பெரும்பாலும் இரண்டு முறை மாதிரிக்குப் போய் வந்தது. நிறத்துக்கு ஒருமுறை, இடத்துக்கு ஒருமுறை. கண்ணை ஒரு தாவு தாவ வைப்பது மலிவு. மனத்தில் சுமப்பது செலவு. எதிரில் உலகம் திறந்த நோட்டாக இருக்கும்போது மூளை சுமைகூலி கொடுப்பதில்லை!

நம் பாட்டிமார் இதைப் புள்ளி வைத்துச் செய்தார்கள். பதினைந்து புள்ளி, இடைப்புள்ளி என்று வைத்து முடித்ததும் ஞாபகத்தில் பாதி தரையில் இறங்கிவிடுகிறது. எத்தனை தூரம், எந்த வளைவு எங்கே முடிகிறது என்று மனத்தில் வைக்க வேண்டியதில்லை. கண் அடுத்த புள்ளிக்குப் போய் நிற்கிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நழுவும் மாவு அதைத் தேடிப் போய்ச் சேர்கிறது. அம்மா கோலம் போடும்போது ‘அடுத்து எப்படிம்மா?’ என்று கேட்டால், ‘சும்மா இருடி, கை தானா போகும்’ என்பார்கள். அந்தத் ‘தானா’வில் புள்ளியின் பங்கும் இருக்கிறது, கையின் பங்கும் இருக்கிறது.

ராத்திரிக்குப் பரோட்டாக் கடை வாசலில் கண், கை, ஞாபகம் மூன்றும் ஒன்றாக வேலை செய்யும். எண்ணெயில் ஊறிய உருண்டையை மாஸ்டர் தட்டிப் பரத்தி, கல்மேடையில் வீசி வீசித் துணி மாதிரி விரிக்கிறார். மாவின் இழுவையை விரல் அறிகிறது. கண் அதற்குள் தோசைக்கல்லில் வேகும் ஆறு பரோட்டாவின் நிறத்தை எண்ணிவிட்டுக் கல்லாப் பக்கம் போகிறது. ‘ரெண்டு கொத்து, ஒரு வீச்சு!’ என்ற குரல் காதில் விழும்போது அடுத்த உருண்டை கையில் இருக்கிறது.

வளைந்த விரல்கள்

இந்தக் கதை மதுரையில் போய்ச் சேரும் உச்சியிடம் ஒன்று உண்டு: அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை. அதன் அறுவை அரங்குக்குள் உங்களைக் கூட்டிப் போக முடியாது. அங்கே நடப்பதைச் சொல்ல முடியும்.

கண்புரை அறுவையில் மருத்துவர் தம் கையைப் பார்ப்பதே இல்லை. கண் நுண்ணோக்கிக்குள் இருக்கிறது. தெரிவது கருவியின் நுனியும் நோயாளியின் கண்ணும் மட்டும். புரையை மீயொலி அலையால் உடைக்கும் முறையில் இரண்டு கையிலும் கருவி, ஒரு பாதம் நுண்ணோக்கியின் பெடலில், இன்னொரு பாதம் இயந்திரத்தின் பெடலில். கண்ணின் லென்ஸைச் சுற்றியுள்ள உறையின் பின்பக்கம், நடுவில், ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 250இல் ஒரு பங்கு தடிப்பு. மனிதக் கை எவ்வளவு அசையாமல் வைத்தாலும் நொடிக்குப் பத்துத் தடவை போல நுண்ணியதாக நடுங்கும். அந்த நடுக்கத்தை அடக்கிக்கொண்டு, அந்த உறை கிழியாமல், உள்ளே இருக்கும் புரையை எடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் செவிலிப் பெண் அடுத்த கருவியைச் சரியான திசையில் உள்ளங்கையில் வைக்கிறாள். மருத்துவர் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அரவிந்தில் இந்தப் பெண்களில் பெரும்பாலானோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்றவர்கள். அவர்களில் எத்தனை பேர் அம்மா மடியில் உட்கார்ந்து பூக் கட்டிப் பழகியவர்களோ!

இந்த மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் கைகளை நினைக்காமல் என்னால் கைகளைப் பற்றி எழுத முடியாது. 1918இல் பிறந்தவர். முப்பது வயதை ஒட்டிக் கடும் முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. விரல்கள் நிரந்தரமாக வளைந்தன. பேனா பிடிப்பதே பெரும்பாடாகிவிட்ட கை அது. அந்தக் கையைக் கத்தி பிடிக்கப் பழக்கினார். வளைந்த விரல்கள் எந்தக் கோணத்தில் அசையுமோ அந்தக் கோணத்தில் எல்லாவற்றையும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கற்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அந்த விரல்களே செய்தன. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். மூளைக்குக் கை ஒரே ஒரு வடிவத்தில்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை. இருக்கிற கையை வைத்துப் புது வழி எழுதிக்கொள்ளும். இதற்கு இதைவிட அழகான சாட்சியம் எனக்குத் தெரியாது.

என் அப்பத்தாவும் ஒருநாள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமிலிருந்து வண்டியேறிப் போய், கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு திரும்பினார். கட்டுப் பிரித்த சில நாளில் அவரே ஊசியில் நூல் கோத்துவிட்டார். அன்று முழுக்க வீட்டில் கிழிந்த துணி ஒன்று பாக்கி இல்லாமல் தைத்துத் தீர்த்தார்.

பத்தாம் நாள்

இனி என் நார். முதல் நாள் என் கண் என் விரலைவிட்டு அசையவில்லை. மொட்டை எடுக்கும் விரலைப் பார்த்தேன், நார் சுற்றும் விரலைப் பார்த்தேன், சுருக்குப் போடும் விரலைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் முக்கால் முழம். அதிலும் தூக்கிப் பிடித்தால் மொட்டு உதிர்ந்தது. அக்கா ஒன்றும் சொல்லாமல் அதைப் பிரித்து, நாரை நீவி, மறுபடி என் கையில் கொடுத்தார்.

இப்படிக் கண் கையோடு கட்டுண்டு கிடப்பதுதான் எந்தக் கற்றலுக்கும் முதல் படி. ஸ்வீடனின் உமியோ பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் யோஹான்சனின் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், யாரும் அதுவரை தொட்டிராத ஒரு விசித்திரக் கருவியால் திரையில் ஒரு புள்ளியை நகர்த்தச் சொன்னார்கள். ஆரம்பத்தில் எல்லாருடைய கண்ணும் நகரும் புள்ளியின் பின்னாலேயே போனது. கொஞ்சம் பழகியதும் புள்ளி போகப்போகும் இடத்துக்குக் கண் முந்தியது. தேர்ந்த பிறகு நேராக இலக்குக்கே தாவியது. புள்ளி எப்படியும் வந்து சேரும் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் ஓடிய கண் முன்னால் ஓடத் தொடங்குவதற்குப் பெயர்தான் கற்றுக்கொள்வது!

இந்த ஆய்வைப் பற்றி நான் படித்தது நாலாம் நாள் இரவு. அடுத்த நாள் காலை என் கண் என்ன செய்கிறது என்று பார்க்க ஆவல் தாங்கவில்லை. ஐந்தாம் நாள், சுருக்கு மாட்டும்போதே கண் கூடைக்கு ஓடி அடுத்த மொட்டைத் தேடியது. டீ மாஸ்டரின் அரை நொடி எனக்கும் வந்துவிட்டது! எட்டாம் நாள், எடுப்பது எத்தனை மொட்டு என்று எண்ணாமலே இரண்டு இரண்டாக விரலில் வந்தன. காம்பின் வழவழப்பில் எது நிற்கும், எது அறும் என்று விரலுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ‘சொல்லத் தெரியவில்லை’ வந்த கணத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்தாம் நாள். ஒரு லாரி ஹாரன் அடித்தது. நிமிர்ந்தேன். லாரியைப் பார்த்தேன், இறங்கும் மூட்டைகளைப் பார்த்தேன், எதிரே அக்காவைப் பார்த்தேன். அவர் முகவாயில் பச்சை குத்திய மூன்று சின்னப் புள்ளிகள். அந்த முகத்துக்கு நேர் எதிரே பத்து நாள் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் புள்ளிகளை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். பத்து நாளும் அவர் கண் என்மேல் இருந்திருக்கிறது. எந்த நாள் சாப்பிடாமல் வந்தேன், எந்த நாள் தூங்காமல் வந்தேன் என்று சொல்லிச் சொல்லி வடை வாங்கிக் கொடுத்தவர். என் கண்ணுக்கு மட்டும் அதுவரை வேலை விரலோடு முடிந்துபோயிருந்தது.

“இப்பத்தான் தாயி நிமிந்து பாக்குற” என்றார்.

கீழே குனிந்தேன். அவர் பேசிய நேரத்தில் என் விரல்கள் மூன்று கண்ணி கட்டியிருந்தன. அக்கா சரத்தை வாங்கி, முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை இழுத்து அளந்தார். ஒரு முழம், அதற்கு மேல் நாலு விரல். உதறிப் பார்த்தார், ஒரு மொட்டுகூட விழவில்லை. திரும்பச் சொல்லி, அதை என் தலையிலேயே வைத்துவிட்டார்.